பெரட்டும் அணிவகுப்பும்

கடல் கடந்து வரும் சொல் சில வேளைகளில் தன் பழைய பொருளைப் புறப்பட்ட கரையிலேயே விட்டுவிட்டு வருகிறது. மலாயாத் தோட்டப்புறத் தமிழில் வழங்கிய ‘பெரட்டு’ என்ற சொல் அத்தகையது. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே அது. இலண்டன் நகரத்தான் அச்சொல்லைக் கேட்டால், செவ்வண்ணச் சட்டையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்த காவற்படையினரும், பளபளக்கும் பித்தளை வாத்தியங்களும், வணக்கம் ஏற்கும் முடியரசரும் அவன் மனக்கண்ணில் தோன்றுவர். கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழன் அதே சொல்லைக் கேட்டபோது தோன்றிய காட்சி வேறு. பொழுது புலராத இருள். மரங்களிலிருந்து சொட்டும் பனி. உளியும் வாளியுமாக வரிசையில் நிற்கும் ஆண்களும் பெண்களும். விளக்கொளியில் பெயர்ப் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் கிராணி. நிரை பிரித்துக் கொடுக்கும் தண்டல். பெயர் கூப்பிடும் வேளையில் அங்கு இல்லாதவர்க்கு அன்றைய கூலி இல்லை. சொல் ஒன்றே. ஓரிடத்தில் அது திருவிழா. மற்றோரிடத்தில் ஆள் கணக்கு.

இவ்வேறுபாடு மொழியியலார் குறித்து வைத்துக்கொள்ளும் சிறு செய்தி மட்டுமன்று. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் படைச் சடங்குகளை, அவ்வரசின் ஆட்சிக்கு உட்பட்டுக் கிடந்த மக்கள் எவ்வாறு காண இயலும் என்ற வினா இதனுள் அடங்கியுள்ளது. அவ்வினாவுக்கு விடைகாணத் தமிழ் இலக்கியமே தக்க அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சடங்கின் அழகு

இச்சடங்குகளுள் தலையாயது, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இலண்டன் குதிரைக் காவலர் திடலில் நடைபெறும் படைக்கொடி அணிவகுப்பு. முடியரசரின் பிறந்தநாளைக் குறிக்கும் விழாவாக 1748 முதல் அது கருதப்பட்டு வருகிறது. அதன் தோற்றமோ முற்றிலும் பயன் கருதியது. புகை சூழ்ந்த போர்க்களத்தில் சிதறிப்போன வீரன், தன் படைப்பிரிவின் கொடி எங்குப் பறக்கிறதோ அங்குச் சென்று சேரவேண்டும். ஆகவே அக்கொடியை அவன் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அதன்பொருட்டுக் கொடியை வரிசை வரிசையாக வீரர்முன் எடுத்துச் சென்று காட்டினர். பயன் மறைந்தபின் வடிவம் நிலைத்து விழாவாயிற்று.

கால்நடைக் காவற்படைப் பிரிவுகள் ஐந்து. சட்டையின் நிறம் ஒன்றேயாயினும் பொத்தான்களின் அமைப்பால் அவற்றை வேறுபடுத்தி அறியலாம். கிரெனடியர் பிரிவுக்கு ஒவ்வொன்றாகவும், கோல்ட்ஸ்ட்ரீம் பிரிவுக்கு இரண்டிரண்டாகவும், ஸ்காட்லாந்தியர் பிரிவுக்கு மும்மூன்றாகவும், ஐரிஷ் பிரிவுக்கு நந்நான்காகவும், வேல்ஸ் பிரிவுக்கு ஐயைந்தாகவும் பொத்தான்கள் அமைந்திருக்கும். பல நூறு கால்கள் ஒரே கணத்தில் நிலத்தை மிதிக்கின்றன. வளைந்து திரும்பும் வரிசை நூல் பிடித்தாற்போல் நிமிர்கிறது. இதனைப் பார்ப்பவர் மெய்ம்மறப்பது இயல்பே. அழகை அழகன்று எனச் சாதிப்பது திறனாய்வு ஆகாது. அவ்வழகு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்று கேட்பதே திறனாய்வின் கடமை.

ஔவையாரின் பார்வை

இக்கேள்வியைத் தமிழில் முதன்முதல் எழுப்பியவருள் ஒருவராக ஔவையாரைக் கொள்ளலாம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவருக்கு, அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்நிகழ்ச்சியில் பிறந்தது. தொண்டைமானின் கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் அழகாக இருக்கின்றன என்று புலவர் பாராட்டுகிறார். தம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்தும் கங்கு சிதைந்தும் கொல்லனின் சிறிய உலைக்களத்திலேயே கிடக்கின்றன என்கிறார். பாடாண்திணையில் வாண்மங்கலம் என்னும் துறையில் அடங்கும் அப்பாட்டு, பாராட்டுப் போன்று தொடங்கி, பாராட்டப்பட்டவன் முகம் கறுக்கும்படி முடிகிறது.

மாணவர் இதனைப் ‘புகழ்வது போலப் பழித்தல்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். பாட்டின் ஆற்றல் அணியோடு முடிவதன்று. படைக்கலத்துக்கு இரு வீடுகள் உண்டு, ஒன்று காட்சிக்குரிய மாளிகை, மற்றொன்று பழுது பார்க்கும் கொட்டில் என்னும் உண்மையை அது வெளிப்படுத்துகிறது. மாளிகையை மட்டும் கண்டவன் படையை அறிந்தவன் ஆகான்.

ஆயினும் ஔவையார் கண்ட உலகில் மாளிகை ஒரு மன்னனுக்கு உரியது. உலைக்களம் மற்றொரு மன்னனுக்கு உரியது. பேரரசுகளின் காலத்தில் இந்நிலை மாறிவிட்டது. மாளிகையும் உலைக்களமும் ஒரே அரசுக்கு உரியனவாயின; இரண்டுக்கும் இடையே கடல் கிடந்தது. இலண்டன் மக்கள் கண்டது பீலி சூட்டிய வேல். அவ்வேலின் முரிந்த நுனியைக் கண்டவர்கள் மலாயாவிலும் இந்தியாவிலும் அயர்லாந்திலும் வாழ்ந்த மக்கள். ஆளப்பட்டவனின் பார்வைக்கு மதிப்பு உண்டாவது இதனால்தான்.

பத்தாங்காலி

உலைக்களம் எங்கே இருந்தது என்று உலு சிலாங்கூர் மக்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் காவற்படைப் பிரிவுகள் இங்கு வந்திறங்கின. செவ்வண்ணச் சட்டையும் கரடித்தோல் தொப்பியும் இலண்டனில் தங்கிவிட்டன. வந்தவர்கள் காட்டுப் பச்சை உடுத்தியிருந்தனர். டிசம்பர் 11 மாலை, ஸ்காட்லாந்தியர் காவற்படையின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு குழு பத்தாங்காலியை அடுத்த சுங்கை ரெமோக் ரப்பர்த் தோட்டத்துக் குடியிருப்பில் புகுந்தது. ஆண்கள் தனியே அடைத்து வைக்கப்பட்டனர். ஒருவர் அன்று மாலையே சுடப்பட்டார். மறுநாள் பெண்களும் குழந்தைகளும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டனர். எஞ்சிய ஆண்களுள் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர், குடியிருப்பு எரியூட்டப்பட்டது. இறந்த 24 பேரும் கையில் ஆயுதம் இல்லாத சீனத் தொழிலாளர்கள். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்று அரசு விளக்கம் அளித்தது. 1970இல் அப்படையில் இருந்த சிலர், அவ்விளக்கம் பொய் என்று பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்றில் ஒப்புக்கொண்டனர். பொது விசாரணை வேண்டி இறந்தோரின் உறவினர் தொடுத்த வழக்கில், அத்தகைய விசாரணை நடத்த அரசு கடமைப்பட்டதன்று என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015 நவம்பர் 25 அன்று தீர்ப்பளித்தது.

ஒரு குழுவின் குற்றத்தை ஒரு படைப்பிரிவின் மேலும் ஒரு விழாவின் மேலும் ஏற்றுதல் முறையா என்ற வினா எழலாம். நேர்மையான வினாவே அது. அதற்கு விடையை அச்சடங்கே தருகிறது. அணிவகுப்பில் ஏந்திவரும் பட்டுக்கொடியில் அப்படைப்பிரிவு வென்ற போர்களின் பெயர்கள் பொன்னிழையால் தைக்கப்பட்டுள்ளன. அப்போர்களில் நின்றவருள் ஒருவரும் இன்று உயிரோடு இல்லாத நிலையிலும் அப்பெருமை இன்றைய வீரனுக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது. படைப்பிரிவு என்பது தலைமுறைகளைக் கடந்து நிற்கும் ஓர் உயிர் என்பதே சடங்கின் அடிப்படைக் கொள்கை. பழம்பெருமை மரபுரிமையாக இறங்கி வருமாயின், பழம்பழியும் அவ்வாறே இறங்கி வரும். பெருமையைத் தைத்துப் பழியைத் தைக்காமல் விடுவது நினைவு ஆகாது; அது தேர்ந்தெடுத்த மறதி.

பண்டைத் தமிழ்ப் புலவர்கள் இவ்வகையில் ஒளிவு மறைவு இல்லாதவர்கள். பகைவர் நாட்டைக் கொள்ளையிட்டு எரியூட்டுதலை ‘மழபுலவஞ்சி’ என்று துறையாகவே வகுத்துப் பாடினர். மன்னனைப் புகழும் பாட்டிலேயே எரியும் ஊரும் அழும் குரலும் இடம்பெற்றன. கலிங்கத்துப் பரணியில் சயங்கொண்டார், கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாடப் புகுந்தவர், களத்தில் பிணங்களிடையே பேய்கள் கூழ் அடும் காட்சியையே விரித்துரைத்தார். அவர்கள் போரை வெறுத்தவர்கள் அல்லர். எனினும் வெற்றியின் விலையை வெற்றிக்கு அருகிலேயே வைத்துக் காட்டினர். அணிவகுப்புத் திடலில் பரணியின் பேய்களுக்கு இடமில்லை. பழைய கவிதைக்கும் புதிய சடங்குக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

அயர்லாந்தும் கிள்ளானும்

இச்சடங்கைக் காணும் ஐரிஷ்காரனின் நிலை இன்னும் சிக்கலானது. அணிவகுப்பில் நந்நான்கு பொத்தான்களோடு நடந்து வருபவன் அவன் நாட்டான். ஐரிஷ் காவற்படை 1900இல் விக்டோரியா அரசியாரின் ஆணையால் அமைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், டப்ளின் எழுச்சியின் தலைவர்களுள் 14 பேர் கில்மைனம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகவே செஞ்சட்டையை அவன் வெறுக்கவும் இயலாது. அதன்மேல் அன்பு கொள்ளவும் இயலாது. சட்டை அயலானுடையது, உள்ளே இருக்கும் உடல் தன் உறவினனுடையது.

இம்முரண் 1920இல் இந்திய மண்ணில் வெடித்தது. கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவு அப்போது பஞ்சாபில் இருந்தது. தாய்நாட்டில் பிரிட்டிஷ் படைகள் இழைத்துவந்த கொடுமைகளைக் கேள்வியுற்ற வீரர் சிலர், ஜூன் 28 அன்று ஜலந்தரில் பணிபுரிய மறுத்தனர். சோலன் முகாமிலும் மறுப்புப் பரவியது. ஜேம்ஸ் டாலி என்ற இளம் வீரர் அவ்வாண்டு நவம்பர் 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1922 ஜூனில் அப்படைப்பிரிவும் வேறு ஐரிஷ் பிரிவுகள் சிலவும் கலைக்கப்பட்டபோது, அவற்றின் கொடிகள் விண்ட்சர் அரண்மனையில் ஒப்படைக்கப்பட்டன. அதுவும் முறைப்படி ஒரு சடங்காகவே நடைபெற்றது.

ஐரிஷ்காரனைக் கொண்டு பஞ்சாபியை அடக்கிவைத்த பேரரசு, இந்தியப் படையைக் கொண்டு தமிழனை அடக்கியது. 1941 ஏப்ரல், மே மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் சிலாங்கூர் எங்கும் பரவிற்று. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, குழந்தைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு, துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் தொழிலாளர் கேட்டனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அக்கோரிக்கைகளுள் மிதிவண்டியைப் பற்றியது சிறியது போலத் தோன்றும். எனினும் சடங்கின் இயல்பை அறிய அதனினும் சிறந்த சான்று இல்லை. இலண்டனில் ஆண்டுக்கு ஒருமுறை முடியரசருக்கு அளிக்கப்பட்ட வணக்கம், தோட்டத்துச் செம்மண் சாலையில் நாள்தோறும் துரைக்கு அளிக்கப்பட்டது. முன்னதில் வாத்தியம் முழங்கியது. பின்னதில் மிதிவண்டிச் சக்கரம் நின்றது. வணக்கம் செலுத்துபவன் தானே விரும்பி அதனைச் செலுத்துகிறானா என்பதே இரண்டையும் பிரித்தறியும் உரைகல். விரும்பாத வணக்கத்தை மறுக்கத் துணிந்த அத்தொழிலாளர்கள், அறிஞர் எவரும் எழுதுமுன்னரே பேரரசின் சடங்குக்குத் திறனாய்வு எழுதிவிட்டனர் எனலாம்.

பார்ப்போர் யார்

தமிழில் ஊர்வலக் காட்சிக்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. உலா என்பது அது. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழ மன்னன் வீதியில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிரும் அவனைக் கண்டு மயங்குகின்றனர். அப்பெண்கள் காண்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தனர், கண்டு முடித்தபின் எந்த வேலைக்குத் திரும்பினர் என்று உலா கூறுவதில்லை. பவனியின் பெருமையைக் காட்டும் கண்ணாடியாகவே அவர்கள் நிற்கின்றனர். பேரரசின் படைச் சடங்கும் தன் பார்வையாளரை இவ்வாறே கருதுகிறது.

இம்மரபைத் திருப்பிப் போட்ட பெருமை ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) நாவலுக்கு உண்டு. மெடான் நகரத் தெருவோரத்தில் கூடி நின்று ஜப்பானியப் படையின் வருகையைப் பார்க்கும் மக்களோடு அந்நாவல் தொடங்குகிறது. ஒரு பேரரசு போய் மற்றொன்று வரும் அவ்வேளையில், ஆசிரியரின் கண் படையின்மீது மட்டும் பதியவில்லை, பார்ப்போர்மீதும் பதிகிறது. அவர்கள் மயங்குவதில்லை, எடை போடுகின்றனர். உலாவின் மகளிர்க்கு வாய்க்காத உரிமை இது.

ஆயினும் அணிவகுப்பு எல்லாமே ஆதிக்கத்தின் கருவி என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். 1943 ஜூலை 5 அன்று சிங்கப்பூர்த் திடலில் நேதாஜி இந்திய தேசிய இராணுவத்தைப் பார்வையிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். பெரட்டில் தலைகுனிந்து நின்றவர்கள் அணிவகுப்பில் தலை நிமிர்ந்து நடந்தனர். பயிற்சி முறை பிரிட்டிஷ் படையிடம் கற்றதே. காலடியின் ஓசையும் வரிசையின் ஒழுங்கும் வேறல்ல; நிற்பவரின் உள்ளமே வேறு. அதே ஆண்டில் ஜப்பானியர் தோட்டத் தமிழரைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டு சென்று பல்லாயிரவரைச் சாகவிட்டனர் என்பதையும் உடன் வைத்தே எண்ண வேண்டும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993) நாவல் அத்துயரைப் பதிவு செய்துள்ளது. விடுதலை அணிவகுப்பின் நிழலிலும் ஓர் உலைக்களம் இருந்தது. ஔவையாரின் அளவுகோல் நமக்கு உவப்பானவற்றின்மீதும் வைக்கப்படல் வேண்டும். இன்றேல் அது அளவுகோலன்று, வெறும் பகையே.

கைமாறிய வடிவம்

1957 ஆகஸ்டு 31 அன்று மெர்டேக்கா அரங்கில், அரசியாரின் சார்பாக வந்திருந்த குளோஸ்டர் கோமகன் விடுதலைப் பத்திரத்தைத் துங்கு அப்துல் ரஹ்மானிடம் அளித்தார். ஆட்சி கைமாறியது, சடங்கின் வடிவமும் உடன் கைமாறியது. 1933இல் 25 பேரோடு தொடங்கிய மலாய்ப் படைப்பிரிவு, இன்று மாமன்னரின் முன் படைக்கொடி அணிவகுப்பை நடத்துகிறது. கரடித்தோல் தொப்பி இருந்த இடத்தில் சொங்கோக் இருக்கிறது. இடுப்பைச் சம்பின் துணி சுற்றியிருக்கிறது. ‘பரேட்’ தோட்டத்துக்கு வந்து ‘பெரட்டு’ ஆனபோது பொருளில் தாழ்ந்தது. அதே வடிவம் விடுதலை பெற்ற நாட்டின் திடலுக்கு வந்தபோது புதிய பொருள் பெற்றது. சொல்லைப் போலவே சடங்கும் தன்னை ஏற்பவர் கையில் மாறக்கூடியது.

சடங்கு தன் மறதியைத் தானே திருத்திக்கொள்வதும் அரிதாக நிகழ்வதுண்டு. 2011 மே 17 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியார் டப்ளின் சென்று, ஐரிஷ் விடுதலைக்காக உயிர் நீத்தோரின் நினைவுத் தோட்டத்தில் மலர்வளையம் வைத்துத் தலை தாழ்த்தினார். அணிவகுப்புகள் பலவற்றால் ஆகாத ஒன்றை அச்சிறு செயல் செய்தது. மாளிகையிலிருந்து ஒருவர் உலைக்களத்துக்கு நடந்து வந்ததே அதன் சிறப்பு. பத்தாங்காலியில் உறவினரை இழந்தோர் நீதிமன்றப் படியேறிக் கேட்டதும் அத்தகைய ஒரு வருகையே அன்றி வேறன்று.

உலு சிலாங்கூரில் அம்பாங் பெச்சா என்ற ஊர் உண்டு. மலாய் மொழியில் அதன் பொருள் ‘உடைந்த அணை’ என்பதாகும். 1883இல் அணை உடைந்து பெருவெள்ளம் பழைய கோலகுபுவை அழித்தது. அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரியும் அதில் மாண்டார். அணையைக் கட்டியவர் எவர் என்பதை ஊர்ப்பெயர் சொல்லவில்லை. அது உடைந்ததையே நினைவில் வைத்திருக்கிறது. மக்கள் வைக்கும் பெயர் இவ்வாறு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. அரசுகள் நடத்தும் விழா அத்துணை நேர்மையோடு பேசக் கற்றதில்லை.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை வகுப்பறையில் நடத்தும் ஆசிரியர், அதியமான் கொல்லனின் கொட்டில் தகடூரில் இருந்தது என்று சொல்லி நிறுத்திவிட வேண்டியதில்லை. சாலையில் சிறிது தொலைவு சென்றால் பத்தாங்காலி வரும். பாட்டனாரைக் கேட்டால் பெரட்டு என்றால் என்னவென்று சொல்வார். அவ்விரண்டையும் அறிந்தபின் தொலைக்காட்சியில் செஞ்சட்டை அணிவகுப்பைக் காணும் மாணவன், அதன் அழகை வியப்பதில் தவறில்லை. வியந்தபின், நெய் பூசிய இந்த வேலின் மற்றொரு பாதி எங்கே கிடக்கிறது என்று அவன் கேட்பானாயின், அவன் ஔவையாரைப் படித்தவன் என்க.